மொட்டை டயர் மீது துப்பியவர்

மூன்று வருஷத்துக்கு முந்தைய ஆயுதபூஜையன்று, காலை பத்தரை மணி சுமாருக்கு, மைசூர் அக்ரஹாரத்தில் டயர் கடை வைத்திருக்கும் நஞ்சுண்டசாமியை விட்டு உராய்வு போய்விட்டது. அன்று சாமந்தி ஒரு மார், அதாவது நாலு முழம், நூற்றிருபது ரூபாய், பூசணிக்காய் ஒன்று எண்பது, வெயில் சுமார். அதற்கு முந்தின நிமிஷம் வரை அவர் எல்லாரையும் போலத் தரையை மிதித்து நடந்தார், டம்ளரைப் பிடித்துக் காபி குடித்தார், வேட்டியை இடுப்பில் செருகிக் கட்டினார். அதற்கு அடுத்த நிமிஷத்திலிருந்து உலகத்தில் எந்தப் பொருளும் அவரைப் பற்றவில்லை. அவராலும் எதையும் பற்ற முடியவில்லை. இதில் அவருக்கு வருத்தத்தைவிட எரிச்சல்தான் அதிகம். போவதென்றால் சொல்லிக்கொண்டு போயிருக்கலாம் என்று நினைத்தார்.

நஞ்சுண்டசாமி கொள்ளேகாலத்தை அடுத்த ஹனூர்ப் பக்கத்துக்காரர். அங்கே இருந்த நிலத்தைத் தம்பிக்கு விட்டுவிட்டு, தம்பிக்கு விவசாயம் தெரியாது என்று சொல்லிக்கொண்டே மைசூருக்கு வந்து டயர் கடை போட்டார். மாதேஸ்வரன் மலையில் ஏறிப் பாலாறு செக்போஸ்ட் தாண்டி மேட்டூருக்கு இறங்கும் லாரிகளில் பாதிக்கு மேல் அவர் கடை டயரில்தான் ஓடின. அந்த லாரிகளை ஓட்டியவர்களை அவர் மனிதர்களாகவே மதித்ததில்லை. ஸ்கூட்டருக்குப் பஞ்சர் ஒட்ட வருகிறவர்களைக் கடைக்குள் விடுவதில்லை. மைசூர்க்காரர்கள் எல்லாரும் சோம்பேறிகள், தமிழ்நாட்டுக்காரர்கள் எல்லாரும் வாயாடிகள், இரண்டுக்கும் நடுவில் இருக்கிற கொள்ளேகாலத்துக்காரர்கள் இரண்டு கழிசடைத்தனத்தையும் சேர்த்து வைத்திருப்பவர்கள் என்பது அவர் தீர்ப்பு. தான் எந்த ஊர்க்காரன் என்று அவர் சொன்னதில்லை. எந்த விஷயமானாலும் கடைசியில் ஒரு துப்பல் துப்பி முடித்துவைப்பார். மைசூர் வெற்றிலையை அரைத்துக்கொண்டே இருக்கிற வாய்க்குத் துப்புவதற்குப் பஞ்சமே இல்லை. ஆள் போனபின் ஆள் நின்ற இடத்தில் துப்புவார், வெறுப்பு கொஞ்சம் கூடினால் ஆள் இருக்கும்போதே துப்புவார். கடை வாசலில் சிமெண்டுத் தரை செங்காவி நிறத்தில் இருந்தது. அதைப் பெயிண்ட் என்று நினைத்துப் பாராட்டிய ஒரு ஆளும் உண்டு, அவனுக்கும் ஒரு துப்பல் கிடைத்தது.

ஆயுதபூஜையன்று கம்ப்ரசரைக் கழுவி, ஜாக்கிக்கும் ஸ்பானருக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, வாடிக்கையாளர்களின் வண்டிச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பது எல்லாக் கடையிலும் நடப்பதுதான். அவர் மனைவி பூவாத்தாள் குங்குமக் கிண்ணத்தோடு கடையின் பின்பக்கம் போனாள். அங்கே மழையிலும் வெயிலிலும் கொசு வளர்த்துக்கொண்டு மொட்டை டயர்கள் மலையாகக் குவிந்திருந்தன. தரையைப் பிடிக்கும் மேல்வரியான பட்டன் சுத்தமாகத் தேய்ந்து, கம்பி தெரிய ஆரம்பித்த டயர்கள். அவள் மேலே கிடந்த ஒரு லாரி டயருக்குப் பொட்டு வைக்கக் குனிந்தாள்.

"அதுக்கு எதுக்குப் பொட்டு?" என்றார்.

"ஓடி ஓடித்தானுங்க தேஞ்சுது. நல்ல நாளும் அதுவுமா ஒரு பொட்டு வெச்சுப்போடலாமுங்க" என்றாள் பூவாத்தாள்.

"தேஞ்சு போனதுக்கெல்லாம் பூசை பண்றதுன்னா, உங்கொப்பனக் கொண்டாந்து உக்கார வெச்சு அவருக்கும் ஒண்ணு வெய்யி" என்று சொல்லி, நஞ்சுண்டசாமி அந்த டயர் மீது முழு வாய் வெற்றிலைச் சாற்றைத் துப்பினார். மற்ற நாளாக இருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்று பூவாத்தாள் இன்றுவரை சொல்கிறாள். தொழில் செய்த பொருளைத் தொழுகிற அந்த ஒரு நாளில், வாழ்நாள் முழுக்கத் தரையோடு உரசியே உயிரை விட்ட ஒரு பொருளின் மேல் துப்பியதுதான் தப்பு என்பது அவள் கட்சி. அவர் திரும்பி ஒரு எட்டு வைத்தார். கால் தரையில் நிற்கவில்லை. வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. செருப்பு இரண்டும் தனித்தனித் திசையில் போயின. நஞ்சுண்டசாமி உட்கார்ந்த வாக்கில் கடை வாசலைக் கடந்து, பட்டாபட்டி டிராயரோடு சாலைக்கு வந்து, சாலை எந்தப் பக்கம் சரிந்திருந்ததோ அந்தப் பக்கம் போக ஆரம்பித்தார்.

அக்ரஹாரத்துச் சாலைக்குச் சரிவு இருப்பது அதுவரை யாருக்கும் தெரியாது. மாநகராட்சிக்கும் தெரியாது என்று அவர் போகும்போதே நினைத்துக்கொண்டார். வாழைக்கன்று கட்டிய ஸ்கூட்டர்களையும், சாமந்தி சுற்றிய ஆட்டோக்களையும், நடுத்தெருவில் உடைந்து கிடந்த பூசணிக்காய்களையும் தாண்டி, குங்குமமும் விதையும் மேலே தெறிக்க, நேரான முதுகோடு சென்றார். பேக்கரிக்காரர் கும்பிட்டார். பூக்காரி ஒருத்தி இது தசரா ஊர்வலத்துக்கு ஒத்திகையா என்று கேட்டாள். யாராவது கையைக் கொடுத்தால் கை வழுக்கிக்கொண்டு போயிற்று. அப்படிக் கை கொடுத்தவர்களையும் கொடுக்காதவர்களையும் பாரபட்சம் பார்க்காமல் திட்டிக்கொண்டே போனவர், கோயில் பக்கத்துச் சாக்கடைக் கட்டையில் முட்டி நின்றார். கடையில் வேலை பார்க்கும் அருண்ராஜ் பின்னாலேயே ஓடி வந்து, அவர் அக்குள் இரண்டிலும் துண்டைக் கொடுத்துத் தூக்கினான். அப்படித் தூக்கினால்தான் வருவார் என்று அவனுக்கு எப்படித் தோன்றியதோ, அதற்குப் பிறகு எல்லாரும் அப்படியே தூக்கினார்கள்.

ஆஸ்பத்திரியில் தோலுக்கு ஒரு டாக்டரும் நரம்புக்கு ஒரு டாக்டரும் பார்த்தார்கள். தோல் நன்றாக இருக்கிறது என்று தோல் டாக்டர் சொன்னார், நரம்பு நன்றாக இருக்கிறது என்று நரம்பு டாக்டர் சொன்னார். இரண்டு பேரையும் படிக்கவைத்த பெற்றோரை நினைத்து நஞ்சுண்டசாமி பரிதாபப்பட்டார். படுக்கை விஷயம்தான் முதலில் சிக்கலாக இருந்தது. கட்டிலில் போட்டால் ஏதாவது ஒரு பக்கம் இறங்கிவிடுவார். நாற்காலியில் வைத்தால் முன்னால் வழிவார். கடைசியில் அருண்ராஜ் ஒரு லாரி டயரைப் படுக்கப் போட்டு, அதன் குழியில் அவரை உட்கார வைத்தான். அதில் நின்றார். பூவாத்தாளின் தம்பி ரத்தினசாமி, கட்டட மேஸ்திரி, டயருக்கு அடியில் ஒரு பலகையும் பலகைக்கு அடியில் நாலு சக்கரமும் பொருத்திக் கொடுத்தான். பூவாத்தாள் வேட்டியைச் சட்டையோடு சேர்த்துத் தைத்தாள், தோளில் தொங்கும் சட்டை விழாதவரை வேட்டியும் விழாது. டம்ளரைப் பிடிக்க முடியாதென்பதால் கைப்பிடி வைத்த கப்பில் விரலை நுழைத்துத் தூக்கக் கற்றுக்கொண்டார். ஒரு மாதத்தில் அக்ரஹாரம் இதைப் பார்த்துச் சலித்துவிட்டது. பார்க்க வந்த டிவிக்காரன் ஒருவன், இது வெறும் வழுக்கல்தானே, மிதந்தால் சொல்லியனுப்புங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் நின்ற இடத்தில் நஞ்சுண்டசாமி துப்பினார்.

இந்தச் சமயத்தில்தான் ஹேமந்த் வீட்டுக்கு வந்தான். நஞ்சுண்டசாமியின் ஒரே மகள் வைஷாலி வங்கியில் வேலை பார்த்தாள். ஹேமந்த் பிளஸ் டூவுக்குச் சமமான பி.யு. காலேஜில் பௌதிகம் நடத்துகிறவன். இரண்டு பேரும் கட்டிக்கொள்வதாக முடிவு செய்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அந்த ஒன்றரை வருஷமும் நஞ்சுண்டசாமி அவனை வாத்தியான் என்று மட்டுமே குறிப்பிட்டு வந்தார். ஒட்டடைக்குச்சிக்குச் சட்டை மாட்டியதுபோல இருந்தான் என்பது ஒரு குறை. கொள்ளேகாலத்துக்காரன் என்பது அதைவிடப் பெரிய குறை. மற்றவர்கள் எல்லாரும் பரிகாரம் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவன் அவருக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நடந்தது என்ன என்று சொன்னான்.

"மாமா, உங்களுக்குப் போனது பாதிதான். ஒரு பொருள் இன்னொண்ணு மேல இருந்தா ரெண்டு விசை இருக்கு. ஒண்ணு நேரா எதிர்த்துத் தள்ளி உங்களைத் தாங்கறது. இன்னொண்ணு பக்கவாட்டுல நகர விடாம பிடிக்கறது. தாங்கறது அப்படியேதான் இருக்கு, அதனாலதான் தரைக்குள்ள போகாம இருக்கீங்க. பிடிக்கறது மட்டும் இல்ல. நிஜமா பார்த்தா எந்தப் பொருளும் எதையும் தொடறதே இல்ல மாமா. ரெண்டு பக்கத்து எலக்ட்ரானும் ஒண்ணை ஒண்ணு கிட்ட விடாம தள்ளிக்கிட்டே இருக்கு. அந்தத் தள்ளலைத்தான் நாம தொடறதுன்னு சொல்றோம்."

நஞ்சுண்டசாமி வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "எதும் எதையும் தொடறதில்லீங்கறான். அப்பறம் எம்புள்ளய மட்டும் எதுக்குக் கட்டோணுங்கறான்? தள்ளியே நின்னுக்கச் சொல்லு" என்றார் பூவாத்தாளிடம். பிறகு ஹேமந்தின் முழங்காலுக்குச் சற்று இந்தப்புறம், வெற்றுத் தரையில் துப்பினார். அன்றைக்கு அவர் டயரில் இல்லை. வீடு பெருக்குவதற்காக அவரைக் கூடத்தின் நடுவில், ரத்தினசாமி போட்ட சமமான கிரானைட் தரையில் நிறுத்தியிருந்தார்கள். துப்பிய உடனே அவர் பின்பக்கமாக மெல்ல நகரத் தொடங்கினார். யாரும் தள்ளவில்லை. நகர்ந்து நகர்ந்து, ஹேமந்த் காபி குடித்து முடிக்கும்போது ஃப்ரிட்ஜில் போய் முதுகை முட்டிக்கொண்டு நின்றார். ஹேமந்துக்கு முகமெல்லாம் வெளிச்சம். பிடிக்கிற விசை இல்லாததால், எச்சில் முன்னால் போன வேகத்துக்கு ஈடாக ஆள் பின்னால் போயே ஆகவேண்டும் என்று விளக்கினான். அலட்சியமாகத் துப்பினால் மணிக்கு ஒரு முழம் போவார். மனதாரக் காறித் துப்பினால் நிமிஷத்துக்கு ஒரு சாண். இடையில் யாராவது நிறுத்தாவிட்டால் போய்க்கொண்டே இருப்பார். இதைக் கேட்டு நஞ்சுண்டசாமிக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷம்தான். அதுவரை தானாக ஒரு அடி நகர முடியாமல் இருந்தவருக்கு இப்போது ஒரு வழி கிடைத்தது. ஜன்னலுக்குப் போகவேண்டுமென்றால் சமையலறையைப் பார்த்துத் துப்பினார், சமையலறைக்குப் போகவேண்டுமென்றால் ஜன்னல் வழியாக அக்ரஹாரத்தையே பார்த்துத் துப்பினார். ஒரே ஒரு குறை, யாரைப் பார்த்துத் துப்பினாலும் அவர்களை விட்டுத் தூரமாகத்தான் போக முடிந்தது. அது தனக்கு வசதி என்றே அவர் எடுத்துக்கொண்டார்.

மாசி மாதத்தில் கல்யாணம் என்று நிச்சயமாயிற்று. நஞ்சுண்டசாமி சம்மதித்தார் என்று சொல்ல முடியாது, சம்மதிக்கவில்லை என்று எழுந்து போகும் வசதி அவருக்கு இல்லை. பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுப்பது யார் என்ற பேச்சு வந்தபோது, ரத்தினசாமி கொடுக்கட்டும் என்று அலட்சியமாகச் சொன்னார். அலட்சியம் பொய். தாரை வார்க்கும்போது அப்பன் பெண்ணின் கையை ஏந்தி, மேலே தேங்காயை வைத்து, மாப்பிள்ளையின் கையில் கொடுக்கவேண்டும், அம்மா அதன்மேல் செம்புத் தண்ணீரை விடவேண்டும். அந்தத் தேங்காய் நழுவிக் கீழே விழுந்தால் அதைவிடப் பெரிய அபசகுனம் கிடையாது. ஹேமந்தின் பெரியம்மா மல்லம்மாவுக்கு இந்தச் சம்பந்தமே பிடிக்கவில்லை, ஏதாவது ஒன்று கீழே விழுமா என்று காத்துக்கொண்டிருந்தாள். ஒரு ஆரஞ்சுப் பழத்தைக்கூடக் கையில் நிறுத்த முடியாத மனிதர், நானூறு பேர் முன்னால் தன் பெண்ணின் கையை நழுவ விடுவதற்குப் பயந்தார். வாழ்க்கையில் அவர் எதற்காவது பயந்தது அதுதான் முதல் தடவை. பயந்தவர்களை அவருக்குப் பிடிக்காது, ஆகையால் அந்த மாதம் முழுக்க அவருக்குத் தன்னையும் பிடிக்கவில்லை.

வைஷாலி டயருக்குப் பக்கத்தில் வந்து குந்தினாள். அவளுக்குக் கன்னடம்தான் வாயில் முதலில் வரும், அப்பாவோடு பேசும்போது மட்டும் தமிழைத் தேடி எடுப்பாள். "ரத்தினசாமி மாமா கை பேடாப்பா, வேண்டாம். தாரை உங்க கையிலதான் ஆகணும். இல்லன்னா கல்யாணமே பேடா, அஷ்டே, அவ்வளவுதான்" என்றாள்.

"எங் கையி நிக்காது புள்ள" என்றார். இந்த ஒரு வாக்கியத்தின் கடைசியில் மட்டும் அவர் துப்பவில்லை.

மண்டபத்தில் மணமேடை கிரானைட். முந்தின நாளே ரத்தினசாமி ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஒரு மூலையில் நூல் இழை அளவு இறக்கம் இருந்ததைக் கல் மாற்றிச் சரிசெய்தான். டயரில் உட்கார்ந்தபடியே கொடுக்கலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். மல்லம்மா முன்னால் டயருக்குள் உட்காருவதைவிடச் சாக்கடையில் உட்காருவேன் என்று அவர் சொல்லிவிட்டார். ஆகவே நின்றுதான் கொடுக்கவேண்டும். அக்குளில் துண்டு கொடுத்துத் தூக்கி வந்து, சட்டையோடு தைத்த பட்டு வேட்டியில் மேடை நடுவில் நிறுத்தி, ஆட்டம் அடங்கும்வரை பிடித்திருந்து, ரத்தினசாமியும் அருண்ராஜும் ஒரே சமயத்தில் துண்டை உருவினார்கள். அதற்குப் பிறகு யாரும் அவரைத் தொடக்கூடாது. காற்று பட்டாலே நகர்ந்துவிடுவார் என்பதால் மின்விசிறி எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். நானூறு பேரும் வியர்த்துக்கொண்டு, பெண்ணின் அப்பாவைச் சபித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நாதஸ்வரக்காரரைச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து வாசிக்கச் சொன்னார்கள். அவர் கோபத்தில் தாளம் தவறினார். நஞ்சுண்டசாமி கூட்டத்தைப் பார்த்தார். மந்தை என்று நினைத்தார்.

மந்திரம் முடிந்து, கையை நீட்டச் சொன்னார் புரோகிதர். ஹேமந்த் தன் கைகளை ஏந்தினான். நஞ்சுண்டசாமி தன் உள்ளங்கைகளைக் குழித்துப் பெண்ணுக்கு முன்னால் நீட்டினார். வைஷாலி கையைத் தூக்கிய நேரத்தில், மேடைக்குக் கீழே முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த மல்லம்மா பக்கத்தில் இருந்தவளிடம் சொல்வதுபோல மண்டபத்துக்கே சொன்னாள்: "ஒண்ணயும் புடிக்கத் தெரியாத கையி, புள்ளயக் குடுக்க மட்டும் தெரியுமாக்கும்? பொண்டாட்டியும் புள்ளயும் இத்தனை வருசம் இந்தாளுகிட்ட ஒட்டாம நின்னது ஊருக்கே தெரியும்."

நஞ்சுண்டசாமியின் வாய் நிறைந்தது. விரதமாதலால் வெற்றிலை இல்லை, வெறும் எச்சில், கசப்பு. அறுபத்தோரு வருஷத்தில் இதைவிடத் துப்பத் தகுந்த முகம் அவருக்குக் கிடைத்ததில்லை. காறினால் நெற்றிப்பொட்டில் விழும் தூரம். கன்னம் இரண்டும் உப்பின. பூவாத்தாள் செம்பைப் பிடித்தபடி அவரையே பார்த்தாள். ஹேமந்த் கணக்குத் தெரிந்தவன், அவன் கண் மேடையின் விளிம்புக்குப் போய் வந்தது. நிமிஷத்துக்கு ஒரு சாண். தாலி கட்டுவதற்குள் மேடையை விட்டே போய்விடுவார். வைஷாலியின் கை அந்தரத்தில் நின்றது. நஞ்சுண்டசாமி மல்லம்மாவைப் பார்த்தார், பெண்ணின் கையைப் பார்த்தார், பிறகு விழுங்கினார். பழக்கமில்லாததால் தொண்டை முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டாவது முறை முயன்று விழுங்கினார். அது வழுக்கிக்கொண்டு இறங்குவது மண்டபத்தில் எல்லாருக்கும் தெரிந்தது.

வைஷாலியின் கை அவர் உள்ளங்கைக் குழியில் வந்து அமர்ந்தது. மேலிருந்து நேராக, ஒரு பக்கமும் சாயாமல் வைத்தாள், ஹேமந்திடம் கேட்டு வீட்டில் பழகியிருந்தாள் போல. கை நழுவவில்லை. பிடிக்கிற விசை போய்விட்டாலும் தாங்குகிற விசை அப்படியே இருக்கிறது என்று அந்த வாத்தியான் சொன்னது நிஜம்தான் என்று ஒப்புக்கொள்ளவேண்டி வந்தது. ஒரு பெண்ணின் கைக்கு இவ்வளவு கனம் இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. நாலு மாதமாக எதுவும் ஒட்டாத உடம்பில் அந்தக் கனம் மட்டும் வந்து உட்கார்ந்தது. அவருக்கு அழுகை வந்தது. அழுதார், கண்ணீர் கன்னத்தில் ஒரு நொடியும் தங்காமல் விழுந்தது. தேங்காய் வைத்தார்கள். பூவாத்தாள் தண்ணீரை விட்டாள். அது அவர் கையை நனைக்காமல் அப்படியே கீழே இறங்கி ஹேமந்தின் கையை நனைத்தது. அவர் கைகளைத் தாழ்த்தினார். தேங்காயும் கையும் மாப்பிள்ளையின் கைக்கு மாறின. ஒன்றும் கீழே விழவில்லை. மல்லம்மா விசிறி போடச் சொல்லிக் கத்தினாள்.

தாலி கட்டியபின் பெண்ணும் மாப்பிள்ளையும் காலில் விழுந்தார்கள். அதை மட்டும் யாரும் யோசித்து வைக்கவில்லை. வைஷாலியின் விரல்கள் அவர் பாதத்தைத் தொட்ட உடனே, தொட்டதோ தள்ளியதோ, நஞ்சுண்டசாமி பின்னால் போகத் தொடங்கினார். மெதுவாக, நின்ற நிலையில், முகம் பெண்ணைப் பார்த்தபடி. அவள் நிமிர்ந்தபோது இரண்டு முழத் தூரத்தில் இருந்தார். அவள் ஓடிப்போய்ப் பிடிக்கக் கையை நீட்டினாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பிடித்தாலும் நிற்காது, இன்னும் வேகமாகத்தான் போகும். நின்று ஆசீர்வாதம் செய்யவேண்டியதைப் போய்க்கொண்டே செய்தார். நாதஸ்வரக்காரரைத் தாண்டி, சீர் தட்டுகளைத் தாண்டி, ஒரு வார்த்தை திட்டாமல், மேடை முடியும்வரை அவளையே பார்த்துக்கொண்டு போனார். விளிம்பில் அருண்ராஜ் டயரோடு தயாராக நின்றான். நஞ்சுண்டசாமி அதில் விழுந்தார். பந்திக்கு இலை போட்டாயிற்று என்று யாரோ சொன்னார்கள். கூட்டம் எழுந்து போயிற்று.

உராய்வு அவரிடம் திரும்பி வரவில்லை, அதை இப்போது யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. காலையில் அருண்ராஜ் அவரைக் கடைக்குத் தள்ளி வருகிறான், மதியம் வீட்டுக்குத் தள்ளிப் போகிறான். லாரிக்காரர்கள் விலை கேட்கிறார்கள், அவர் விலை சொல்லிவிட்டுத் துப்புகிறார், டயருக்கு அடியில் எண்ணெய் விட்ட சக்கரங்கள் அரை அடி பின்னால் உருள்கின்றன. பேரம் பேசுகிறவன் இருந்தால் சாயங்காலத்துக்குள் கடையின் பின்சுவரில் போய் இடித்துக்கொள்வார். அருண்ராஜ் திரும்ப இழுத்து வந்து விடுகிறான். ஞாயிற்றுக்கிழமை வைஷாலியும் ஹேமந்தும் வருவார்கள். அன்றைக்கு மட்டும் அவர் இருந்த இடத்திலேயே இருக்கிறார். மருமகனை இன்னும் வாத்தியான் என்றுதான் சொல்கிறார், ஆனால் அதற்குப் பின் விழுங்கிவிடுகிறார். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று பூவாத்தாளிடம் புகார் சொல்கிறார். ஆயுதபூஜையன்று பூவாத்தாள் கடையின் பின்பக்கம் போய், மொட்டை டயர்களுக்கு ஒவ்வொன்றாகப் பொட்டு வைக்கிறாள். கடைசியாக அவர் உட்கார்ந்திருக்கிற டயருக்கு வைக்கிறாள், பிறகு அவருக்கு. அவர் நெற்றியில் குங்குமம் நிற்பதில்லை. மூக்கில் இறங்கி மடியில் விழுந்துவிடும். அவள் விரலில் எடுத்து மறுபடி வைப்பாள், மறுபடி விழும். கிண்ணம் காலியாகும்வரை வைத்துக்கொண்டே இருப்பாள். அவர் அவளுக்கு வாகாக முகத்தை நீட்டிக்கொண்டு இருப்பார்.